பாணர் கையில் இருந்த மந்திரம்



கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் கதை விளையாட்டு ஆடுகிறவர்கள் நம்ம பள்ளியில் நிறையப் பேர் உண்டு. வாள் பிடிக்கிற வீரன், நெருப்பு விடுற மந்திரவாதி, மருந்து தருகிற சாமியார் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஆடுவோம். அதில் 'பார்ட்' என்று ஒரு வேஷம் வரும். கையில் நரம்புக் கருவி, வாயில் பாட்டு, அவ்வளவுதான் அவன் ஆயுதம். அவன் பாடினால் எதிரி தூங்கிப் போவான், காயம் ஆறும், சோர்ந்த படைக்குத் தெம்பு வரும். இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் மூத்தது 1974-ல் அமெரிக்காவில் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதில் பாடகன் வேஷம் 1976-ல்தான் சேர்ந்தது. அயர்லாந்து, வேல்ஸ் பக்கத்துப் பழைய பாடகர்களைப் பார்த்துத்தான் அந்த வேஷத்தையே உண்டாக்கினார்கள்.

இதையெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துக்கொண்டு ஆடுகிறோம். ஆனால் அதே ஆள், அதே பாட்டு, அதே மந்திரம் சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் நம்ம தமிழ்நாட்டு வழிகளில் நடந்து போயிருக்கிறார். அவர் பெயர் பாணர். தமிழ்ப் பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியோடு நாம் விட்டுவிட்ட அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பாணர் என்றால் யார்?

'பண்' என்றால் இசை. பண் பாடுகிறவர் பாணர். சங்க காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாடியும் ஆடியும் பிழைத்த கலைஞர்கள் பல வகை. யாழ் வாசித்துப் பாடுகிறவர் பாணர். ஆடுகிற பெண் விறலி. கூத்து நடத்துகிறவர் கூத்தர். ஏர்க்களத்திலும் போர்க்களத்திலும் பாடுகிறவர் பொருநர். இவர்கள் தனியாகப் போக மாட்டார்கள். பெண்டு பிள்ளை, சுற்றம், தோளில் கருவிப்பை என்று கூட்டமாகத்தான் நடப்பார்கள்.

பாணரிலும் வகை உண்டு. வாய்ப்பாட்டுப் பாடுகிறவர் இசைப்பாணர், யாழ் வாசிப்பவர் யாழ்ப்பாணர், மண்டை என்ற பிச்சைப் பாத்திரம் ஏந்திப் பாடுபவர் மண்டைப்பாணர் என்று நச்சினார்க்கினியர் உரை பிரித்துச் சொல்கிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே மனசில் வச்சுக்கணும். பாணர் வேறு, புலவர் வேறு. புலவர் செய்யுள் செய்தவர். பாணர் வாயாலும் விரலாலும் வாழ்ந்தவர். இந்த வேறுபாடு கட்டுரையின் கடைசியில் நமக்குத் தேவைப்படும்.

பாணரின் ஆயுதம் யாழ்

யாழை நாம் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். அடியில் குடம் போல ஒரு மரப் பகுதி இருக்கும், அதற்குப் பெயர் பத்தர். அதன் மேல் தோல் போர்த்தியிருப்பார்கள். அதிலிருந்து வளைந்து மேலே போகிற தண்டுக்குப் பெயர் கோடு. கோட்டுக்கும் பத்தருக்கும் இடையில் நரம்புகள். நரம்பை இழுத்துக் கட்டுகிற வார்க்கட்டு திவவு. ஏழு நரம்பு உள்ளது சீறியாழ், இருபத்தொரு நரம்பு உள்ளது பேரியாழ். வீணையில் ஒரே நரம்பை வேறு வேறு இடத்தில் அழுத்திப் பல சுரம் எடுக்கலாம். யாழில் அப்படி இல்ல. ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். அதனால் பண்ணை மாற்ற வேண்டுமானால் நரம்பையே மறுபடி இழுத்துச் சுருதி கூட்ட வேண்டும்.

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறார். அதில் யாழின் தண்டுக்கு அவர் சொல்கிற உவமை தலை தூக்கிய பாம்பு. நாகமலை அடிவாரத்தில் இருக்கிற நமக்கு இந்த உவமையைப் புரிய வைக்க வேண்டியதே இல்லை!

யாழ் எப்படிப் பிறந்தது என்பதற்கும் ஒரு தடயம் இருக்கு. பெரும்பாணாற்றுப்படையில் மாடு மேய்க்கிற ஒரு இடையன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரைக் கயிறாகக் கட்டி, வில் மாதிரி ஒரு யாழ் செய்கிறான். அதில் அவன் குறிஞ்சிப்பண் வாசிக்க, வண்டுகள் தங்கள் இனத்தின் சத்தம் என்று நினைத்துக் காது கொடுக்கின்றன. வேட்டை வில்லின் நாணைச் சுண்டிய சத்தத்திலிருந்து நரம்புக் கருவி பிறந்தது என்று அறிஞர்கள் சொல்வதற்கு இது நல்ல சான்று.

எந்தப் பண்ணை எப்போது பாடுவது என்பதற்கும் கணக்கு உண்டு. காலையில் மருதம், மாலையில் செவ்வழி. புறநானூறு 149-ல் வன்பரணர் நள்ளி என்ற வள்ளலைப் பார்த்து விளையாட்டாக ஒரு புகார் சொல்கிறார். நீ அள்ளி அள்ளிக் கொடுத்ததில் எங்கள் பாணர்கள் சோம்பேறி ஆகி, மாலையில் மருதமும் காலையில் செவ்வழியும் வாசிக்கிறார்கள், முறையே மறந்துபோச்சு என்கிறார். கொடைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா?

நான்கு மந்திரங்கள்

இப்போது விஷயத்துக்கு வருவோம். சங்கப் பாடல்களில் பாட்டு என்னென்ன வேலை செய்கிறது?

முதலாவது, தூங்க வைப்பது. அகநானூறு 102-ல் தினைப்புனத்துப் பரண்மேல் ஒரு மலைப்பெண் கூந்தலைக் கோதிக்கொண்டே குறிஞ்சிப்பண் பாடுகிறாள். தினை தின்ன வந்த யானை கதிரையும் தின்னாமல், இடத்தை விட்டும் நகராமல், நின்றபடியே தூங்கிப் போகிறது. இதைப் பாடியவர் மதுரை இளம்பாலாசிரியன் சேந்தன் கூத்தனார். பெயரைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நம்ம ஊர் வாத்தியார் போலத் தெரிகிறது. பாடியவள் பாணர் குலத்துப் பெண் அல்ல, காவல் காத்த சாதாரணப் பெண். பாட்டின் சக்தி பாணருக்கு மட்டும் சொந்தம் என்று அந்தக் காலத்து ஆட்கள் நினைக்கவில்லை.

இரண்டாவது, கொடியவர் மனசை மாற்றுவது. அன்றைக்குப் பாலை வழியில் போவோரை அடித்துப் பறிக்கிற ஆறலை கள்வர் உண்டு. பாலைப்பண்ணைக் கேட்டால் அவர்களே கையில் இருந்த ஆயுதத்தை நழுவ விட்டு இரக்கப்படுவார்கள் என்கிறது பொருநராற்றுப்படை. துணைக்கு ஆள் இல்லாமல் காட்டு வழி நடக்கிற பாணருக்கு யாழே காவல்.

மூன்றாவது, காயத்தை ஆற்றுவது. புறநானூறு 281-ல் அரிசில்கிழார் காட்டுவது போரில் புண்பட்டுக் கிடக்கிற ஒருவனின் வீடு. வீட்டு இறப்பில் வேப்பிலையும் இரவ இலையும் செருகுகிறார்கள். வெண்சிறுகடுகு தூவுகிறார்கள், புகை போடுகிறார்கள், மணி அடிக்கிறார்கள். யாழும் மற்றக் கருவிகளும் ஒலிக்க, காஞ்சிப்பண் பாடுகிறார்கள். பேய் அண்டாமல் இருக்க என்பது அவர்கள் நம்பிக்கை. பேய் இருக்கோ இல்லையோ, வலியில் துடிக்கிறவன் பக்கத்தில் நாலு பேர் இருந்து பாடினால் அவனுக்குத் தெம்புதானே? அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளி இசை கேட்டால் பதற்றம் குறைகிறது என்று இன்றைய மருத்துவர்களும் கண்டிருக்கிறார்கள். வேப்பிலை செருகுகிற வழக்கம் நம்ம தெருவில் அம்மை போட்ட வீட்டு வாசலில் இன்னைக்கும் இருக்கு.

நான்காவது, பேரை நிலைக்க வைப்பது. இதுதான் எல்லாவற்றிலும் பெரிய மந்திரம். தலையாலங்கானத்தில் போருக்குப் போன பாண்டியன் நெடுஞ்செழியன் சபதம் செய்கிறான் (புறநானூறு 72). பகைவரை வெல்லாவிட்டால் என் நாட்டை மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் பாடாமல் போகட்டும் என்கிறான். மதுரையை ஆண்ட ராஜா தனக்குத் தானே இட்டுக்கொண்ட சாபத்தில், உயிர் போகட்டும் என்பதற்குப் பதிலாகப் பாட்டு இல்லாமல் போகட்டும் என்று சொல்கிறான் என்றால், பாட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள்! அவன் ஜெயித்தான். அந்த மாங்குடி மருதனார் அவன்மேல் பாடியதுதான் 782 அடி கொண்ட மதுரைக்காஞ்சி. வயல் ஓசையிலிருந்து நள்ளிரவுத் திருடன் வரைக்கும் பழைய மதுரையை நாம் இன்று பார்க்க முடிவது அதனால்தான்.

பாட்டு வாழ வைக்கும் என்றால் அழிக்கவும் செய்யும் என்ற பயமும் இருந்தது. புலவர் வசை பாடினால் அரசன் முகத்தில் கொப்புளம் வரும் என்று அயர்லாந்தில் நம்பினார்கள். நம்ம பக்கத்தில் அறம் பாடுதல் என்பார்கள். நந்திக் கலம்பகத்தைக் கேட்டே பல்லவ மன்னன் நந்திவர்மன் உயிர் விட்டான் என்று ஒரு கதை உண்டு. கதைதான். ஆனால் இரண்டு தூர தேசத்து ஜனங்களுக்கு ஒரே பயம் வந்திருக்கிறது. இப்படி நம் பாணர்களைக் கிரேக்க, அயர்லாந்து, வேல்ஸ் பாடகர்களோடு ஒப்பிட்டு இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி எழுதிய ஆங்கில ஆராய்ச்சி நூல் 1968-ல் ஆக்ஸ்போர்டில் வெளியானது. பாணர் வாய்மொழியாகப் பாடிய முறையில்தான் சங்கப் பாட்டே வளர்ந்தது என்பது அவர் கருத்து.

மந்திரக்காரன் வீட்டு அடுப்பு

இவ்வளவு சக்தி வைத்திருந்தவர் வீட்டில் என்ன சமையல்? சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. கூரை இற்று விழுந்த சமையல்கட்டு. குட்டி போட்ட நாய் பாலில்லாமல், தன் குட்டி முட்டுவது தாங்காமல் குரைக்கிறது. பாணர் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பு கூட இல்லாமல் வேக வைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்தால் இழிவாகப் பேசுவார்களே என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு சாப்பிடுகிறார்கள்.

படிக்கும்போது மனசு கனக்கிறது. யானையைத் தூங்க வைக்கிற கலை தெரிந்தவர்களுக்குத் தன் பிள்ளை பசியைத் தூங்க வைக்கத் தெரியவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு வள்ளலிடம் பரிசு வாங்கித் திரும்பும்போது, எதிரே இன்னொரு ஏழைப் பாணர் கூட்டம் வருகிறது. சாப்பிட்டாச்சா என்று கேட்டு, நீங்களும் அந்த ஊருக்குப் போங்கள், வழி இது, நடுவில் இந்த ஊர், அங்கே இந்தச் சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லி அனுப்புகிறார். இப்படி வழி காட்டுவதுதான் ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், வேலூரில் புளிச்சோறும் சூட்டிறைச்சியும், ஆமூரில் நண்டுக் கலவையோடு வெண்சோறு என்று பட்டியலே இருக்கு. போய்ச் சேருகிற இடம் திண்டிவனம் பக்கத்துக் கிடங்கில், அங்கே ஓய்மானாட்டு நல்லியக்கோடன். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படை. தனக்குக் கிடைத்த வாசலை ஒளித்து வைக்காமல் அடுத்தவனுக்குக் காட்டுவதை ஒரு இலக்கிய வகையாகவே வைத்திருந்தார்கள் நம் முன்னோர். தேர்வுக்கு நோட்ஸ் கேட்டால் ஒளித்து வைக்கிற நண்பர்கள் கவனிக்க!

மதுரை வாசலில் இரண்டு பாணர்கள்

நம்ம நாகமலையைச் சமணர் ஏவிய பாம்பு கல்லாகிப் போனது என்று சொல்கிறது திருவிளையாடற் புராணம். அதே புராணத்தில் ஒரு பாணர் கதையும் உண்டு. அவர் பாணபத்திரர். வடக்கிலிருந்து ஏமநாதன் என்ற பெரிய பாடகன் வந்து சவால் விட, பாணபத்திரர் கலங்கி நிற்கிறார். இறைவன் விறகு விற்பவராக வந்து ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாட, பாணபத்திரருக்கு ஆகாதென்று தள்ளப்பட்ட ஆளே இப்படிப் பாடுகிறானே என்று ஏமநாதன் ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போகிறான். இதுதான் விறகு விற்ற படலம். 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் பார்த்திருப்பீர்கள். மீனாட்சியம்மன் கோவில் ஆவணி மூலத் திருவிழாவிலும் இந்த லீலை வருஷா வருஷம் நடக்கிறது.

இன்னொருவர் பெரியபுராணத்தில் வருகிற திருநீலகண்ட யாழ்ப்பாணர். அறுபத்து மூன்று நாயன்மாரில் ஒருவர், திருஞானசம்பந்தர் பதிகங்களுக்கு யாழ் வாசித்தவர். அவர் மதுரைக்கு வந்தபோது ஆலவாய்க் கோவில் வாசலுக்கு வெளியே நின்று வாசித்தார். உள்ளே அழைத்து வரும்படி இறைவனே அடியார் கனவில் சொன்னார், தரை ஈரத்தில் யாழ் கெட்டுவிடும் என்று பொற்பலகை போடச் சொன்னார் என்கிறது புராணம்.

இந்தக் கதையில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கு. சங்க காலத்தில் பாணர் அரசன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். பொற்றாமரைப்பூ வாங்கினார். சில நூற்றாண்டு கழித்து அதே பாணர் ஏன் வாசலுக்கு வெளியே நிற்கிறார்? சமுதாயம் அவரைக் கீழே தள்ளிவிட்டது. திருப்பாணாழ்வார் கதையும் இதையேதான் சொல்கிறது. காவிரிக்கரையில் நின்று அரங்கனைப் பாடியவரை, முனிவர் ஒருவர் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது. கலையை ரசித்தார்கள், கலைஞரை ஒதுக்கினார்கள். சாமி பலகை போட்டதாகக் கதை எழுத வேண்டி வந்ததே மனுஷங்க போடாததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாட்டு எங்கே போச்சு?

இப்போது முதலில் சொன்ன வேறுபாட்டுக்கு வருவோம். சங்க இலக்கியத்தில் 473 புலவர்கள் பாடிய 2381 பாடல்கள் இருப்பதாகக் கணக்கு. பாணரைப் பற்றி அதில் ஏராளமாக இருக்கு. பாணர் பேசுவது போலவே பாட்டு இருக்கு. ஆனால் அவை புலவர் பெயரில் ஏட்டில் ஏறியவை. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-லும் புறநானூற்றை 1894-லும் அச்சில் ஏற்றியதால் நம் கைக்கு வந்தவை. தெரு முனையில் யாழ் மீட்டி அந்தப் பாணர் பாடிய இசை? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. யாழும் சோழர் காலத்துக்குப் பிறகு மெல்ல மறைந்து, வீணை அந்த இடத்துக்கு வந்தது.

ஒரு முறை மட்டும் அந்தப் பழைய சொத்து கை கொடுத்தது. ராஜராஜ சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி தேவார ஏடுகளைத் தேடி எடுத்தார். சொல் கிடைத்தது, பண் தெரியவில்லை. அப்போது திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டுதான் பண் அமைத்தார்கள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ஏட்டில் இல்லாதது ஒரு பெண்ணின் தொண்டையில் இருந்தது. அவர் இல்லாமல் போயிருந்தால்?

பிற்காலத்தில் யாழைத் தேடிப் போனவர் இலங்கை மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் 1892-ல் பிறந்த விபுலானந்த அடிகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறியவர். பல வருஷம் ஆராய்ந்து அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947-ல் திருக்கொள்ளம்பூதூர்க் கோவிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். நம் காலத்தில் சென்னையில் தருண் சேகர் என்ற இளைஞர் ஏழு நரம்பு யாழைத் திரும்பச் செய்து வாசித்துக் காட்டியிருக்கிறார். கேரளத்தில் பாணர் குடும்பத்தார் ஆடி மாத இரவுகளில் துடி தட்டி, வீடு வீடாகப் போய்ப் பாடி எழுப்புகிற 'துயிலுணர்த்துப் பாட்டு' இருக்கிறது.

நமக்கு ஒரு வேலை

நம்ம பக்கம் பாணர் இல்லையா? சித்திரைத் திருவிழாவில் அழகர் வருகையை வர்ணிப்பாகப் பாடுகிறவர்கள் யார்? பேராசிரியர் தொ. பரமசிவன் அந்த வர்ணிப்புகளையும் சேர்த்து ஆராய்ந்த 'அழகர் கோயில்' நூலை, நம்ம பக்கத்தில் இருக்கிற மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-ல் வெளியிட்டது. படித்தவர் ஒருவர் காது கொடுத்துக் கேட்டதால் அந்தப் பாட்டு நூலகத்துக்குள் வந்தது.

நம்ம வீட்டில் அப்பத்தா, அம்மாச்சி பாடுகிற தாலாட்டு இருக்கு. நடவுப் பாட்டு, கும்மிப் பாட்டு, சாவு வீட்டு ஒப்பாரி இருக்கு. அவங்க யாரும் தங்களைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ள மாட்டாங்க. "இதெல்லாம் ஒரு பாட்டாடா" என்று சிரிப்பாங்க. குறிஞ்சி பாடி யானையைத் தூங்க வைத்த அந்தப் பெண்ணும் அப்படித்தான் சிரித்திருப்பாள். யாழ் வாசித்த பாணர் தெருவில் போனபோது ஒருவர் உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால், இன்று அவர் பாட்டு நமக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே நண்பர்களே, இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒரு பாட்டு. ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். செல்போன் இருந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள். மெட்டு எழுத்தில் வராது. யார் பாடினார், யாரிடம் கற்றார், எந்த வேலை செய்யும்போது பாடுவார் என்பதையும் அவர் சொல்கிறபடியே குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, பாடியவர் பெயரை மேலே எழுதுங்கள். தமிழ் ஐயாவிடம் கொடுத்தால் அடுத்த சுவர் இதழில் போடலாம்.

அறிந்து கொள்வோம்

பத்தர் – யாழின் அடிக்குடம்
கோடு – யாழின் வளைந்த தண்டு
திவவு – நரம்பை இறுக்கும் வார்க்கட்டு
மண்டை – பாணர் ஏந்திய பாத்திரம்
ஆறலை கள்வர் – வழிப்பறி செய்வோர்
இறப்பு – கூரையின் தாழ்ந்த விளிம்பு

மூளைக்கு வேலை

1. சீறியாழுக்கு எத்தனை நரம்பு?
2. காலையில் பாட வேண்டிய பண் எது?
3. தேவாரத்துக்குப் பண் அமைக்க உதவிய பெண் எந்த ஊர்?
4. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் எத்தனை?

(விடைகள்: 1. ஏழு 2. மருதம் 3. திருஎருக்கத்தம்புலியூர் 4. ஐந்து. முதலில் யோசித்துவிட்டு அப்புறம் இங்கே பாருங்கள்!)